சின்னவன் மீதான கண்டனம்

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்தில் இன்று ஒரே ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்து, ஒரு பக்கத்தில் பொருள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கண்டனம்.

நீச்சல்குளத்துக் கண்காணிப்பாளர் யாரையும் கேட்காமல் பத்து நாள் குளத்தை மூடிவிட்டார். கொளுத்துகிற வெயிலில் பிள்ளைகள் கதவுவரை வந்து திரும்பிப் போயிருக்கின்றன. நகர மன்ற உறுப்பினர்கள் கொதித்துப்போய் அவர் மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். நேற்றைய கூட்டத்தில் ஒரு புது உறுப்பினர் எழுந்து, கண்டனம் செய்தால் அந்த மனுஷனுக்கு என்ன ஆகும், வேலை போகுமா, இடம் மாற்றுவார்களா என்று வெள்ளந்தியாகக் கேட்டார். இருபத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. வருஷத்துக்கு நாலு கண்டனம் நிறைவேற்றுகிற மன்றம் இது! தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். முப்பது வருஷமாகக் கூட்டப் பிரிவில் குறிப்பெடுக்கிறவள் நான்தானே. இளிச்சவாய் யார் என்று தேட வேண்டிய சிரமம் அவருக்கு இருந்ததில்லை.

பதினாறாம் தேதிக்குள் வேண்டுமாம்.

நாளை அம்மாவுக்கு இதய டாக்டர். காலை பத்து மணி. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

எடை பார்க்க அம்மாவை நர்ஸ் வெளியே அழைத்துப் போன நேரத்தில் டாக்டர் என்னிடம் சொன்னார். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. எண்பத்தொரு வயதில் அறுக்க முடியாது. மாத்திரையில் ஓட்டலாம். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: ஒரு வருஷம், நல்லபடியாகப் போனால் அதற்கு மேல் கொஞ்சம். மே மாதம் இன்னொரு ஸ்கேன் எடுத்தால் சரியாகத் தெரியும். மாடிப்படி மட்டும் ஏறவே கூடாது.

ஆட்டோவில் அம்மா கேட்டாள்.

"என்ன சொன்னார்?"

"வயசாச்சுன்னு சொன்னார்."

"அதுக்கு டாக்டர் எதுக்கு? கண்ணாடி போதுமே."

சிரித்தேன். சிரிப்பு சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

சாயங்காலம் பல் டாக்டர் போன் செய்தான். (என் பெரிய தம்பி. பல் டாக்டர் ஆனதிலிருந்து வீட்டில் அதுதான் அவன் பெயர்.) எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அம்மாகிட்ட மூச்சு விடாதே அக்கா. அப்பா விஷயத்துல பட்டதே போதும்" என்றான். சரி என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பாவுக்காகச் சொன்ன அதே வாக்கியம், அதே சரி.

மார்ச் 6, வெள்ளி

வார்த்தைக்குப் பொருள் எழுத உட்கார்ந்தேன். எழுதியவரை இங்கே:

"கண்டனம் என்பது தண்டனை அன்று. அதனால் பதவி போகாது, ஊதியம் குறையாது. ஒருவர் செய்ததை மன்றம் ஏற்கவில்லை என்று முறைப்படி சொல்வது மட்டுமே அது. எச்சரிக்கை இனி நடக்கப்போவதைப் பற்றியது. கண்டனம் நடந்துமுடிந்ததைப் பற்றியது. நிறைவேறிய கண்டனத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியாது. சம்பந்தப்பட்டவர் முன்னிலையில், மற்றொரு தீர்மானத்தால் திரும்பப் பெறலாம். அப்போதும் இரண்டும் பதிவில் இருக்கும்."

நன்றாகத்தான் இருக்கிறது. தட்டச்சு செய்கிற பெண் படித்துவிட்டு, "அப்ப ஒண்ணுமே ஆகாதா மேடம்? சும்மா திட்டறதுதானா?" என்றாள். ஆமாம், கையெழுத்துப் போட்டுத் திட்டுவது என்றேன்.

ஆனால் இந்தப் பொருள் எல்லாம் எனக்கு அலுவலகம் சொல்லிக் கொடுத்ததா? இல்லையே. எங்கள் வீட்டில் பேசக் கற்ற உடனேயே கண்டனம் தெரியும். அப்பா லேத் பட்டறைத் தொழிலாளி, சங்கத்தின் கிளைச் செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிறு வீட்டிலும் கூட்டம் போடுவார். நிகழ்ச்சி நிரல், முன்மொழிதல், வழிமொழிதல், எல்லாம் உண்டு. ஒரு நீளக் குறிப்பேடு, எழுதுகிறவள் நான். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்குப் பல் டாக்டர் மீது கண்டனம். உப்பை மறந்துவிட்டு, மறக்கவே இல்லை என்று சாதித்ததற்கு அம்மா மீது கண்டனம். ஒருமுறை ஆஜராகாத பூனை மீதும். யார் மீது கண்டனமோ அவர் எழுந்து நின்று கேட்க வேண்டும், படித்து முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, முடிந்ததும் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சின்னத் தம்பி கையெழுத்துக்குப் பதில் குரங்கு வரைவான். அதற்காக அவன் மீது தனியாக ஒரு கண்டனம்.

அந்தக் குறிப்பேட்டின் கடைசிக் கண்டனம் விளையாட்டு இல்லை.

அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது என்று தெரிந்த அன்று, மருத்துவமனை கேண்டீனில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அப்பாவிடம் சொல்வதில்லை என்று முடிவு. மருந்துச் சீட்டின் பின்னால் நானே எழுதினேன், ஏகமனதாக என்று. சின்னவனும் கை தூக்கினான். பிறகு அப்பா பதினேழு நாள் இருந்தார். அந்தப் பதினேழு நாளும் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். காரியம் முடிந்த நாலாம் நாள், ஆறுதல் சொல்ல வந்த நர்ஸ் வாயிலிருந்து விஷயம் வந்தது: சின்ன மகன்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

அடுத்த முதல் ஞாயிறு கூட்டம் போட்டேன். "குடும்பத்தின் ஏகமனதான முடிவை மீறி, தந்தையின் கடைசி நாட்களின் நிம்மதியைக் குலைத்த சின்னவனை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது." நின்று கேட்டான். அவன் மனைவி, கல்யாணமாகி எட்டு மாதம், அவன் பக்கத்தில் நின்றாள். "பார்த்தேன்" என்று எழுதினான். வங்கியில் போடுகிற மாதிரி முழுக் கையெழுத்து. போய்விட்டான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் அவன் வந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல அம்மா இன்று சின்னவன் வீட்டுக்குப் போய் வந்தாள். அவனே ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவான். கேட் வரைக்கும்தான். நாங்கள் மூன்றாவது மாடி. லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுப் போவான். நான் சமையலறை ஜன்னலில் நிற்பேன், பாத்திரம் கழுவுகிற சாக்கில்.

இன்று ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். உச்சியில் நன்றாக வழுக்கை விழுந்திருக்கிறது. மேலிருந்து பார்க்கிறவளுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்? இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் போயிற்று? நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டது அவனுக்கு. மொட்டை அடித்தால் அழுவான் என்று மடியில் நான்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்தத் தலையை.

அம்மா இரவு மாத்திரையை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று கூடியிருக்கிறதே என்றாள். வைட்டமின் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

நீச்சல்குளக் கண்காணிப்பாளர் என் மேசைக்கே வந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற இரண்டு வருஷம். தண்ணீர் சுத்திகரிக்கும் மருந்தின் அளவு தவறிப்போய்ப் பிள்ளைகளுக்குக் கண் எரிந்திருக்கிறது, பயந்துபோய்க் குளத்தை மூடிவிட்டார், காரணத்தை மேலே எழுத வெட்கப்பட்டிருக்கிறார். "எனக்கு என்ன மேடம் ஆகும்?" என்றார். என் குறிப்பையே மனப்பாடமாகச் சொன்னேன். ஒன்றும் ஆகாது, பதவி போகாது, ஊதியம் குறையாது.

கைக்குட்டையை மடித்தார். "ஒண்ணும் ஆகாதுன்னா எனக்கு ஏன் மேடம் ரெண்டு வாரமா சோறு எறங்கல?" என்றார்.

காரணத்தை இப்போதாவது எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் படிக்க வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 12, வியாழன்

லிப்ட் நின்றுவிட்டது. பராமரிப்புக் கம்பெனிக்கு நாலு முறை போன். நாளை வருகிறோம் என்கிறார்கள். அவர்கள் நாளை எந்த நாளை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மார்ச் 14, சனி

இன்னும் ஓடவில்லை. அம்மா வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். படி ஏறக் கூடாதென்று ஏன் இவ்வளவு கெடுபிடி என்று துருவித் துருவிக் கேட்கிறாள். முட்டி வலி என்றேன். "யாருக்கு, உனக்கா?" என்றாள். அவளுக்கு முட்டி வலியே கிடையாது. பொய் சொல்வதென்றால் நோயாளியின் உறுப்பையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

மத்தியானம் அவள் குளியலறைக்குள் போனைக் கொண்டுபோய் யாரிடமோ பேசினாள்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு வைத்தால் அதில் நான் நகாசு பண்ணிவிடுவேன்.

காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் சுத்தியல் சத்தம். லிப்ட் கம்பெனிக்காரர்களாக்கும் என்று நினைத்தேன். அம்மா சர்வசாதாரணமாக, "சின்னவன்தான். நான்தான் வரச் சொன்னேன். லிப்ட் மெக்கானிக்கைப் பெத்துவெச்சுட்டு நான் ஏன் சிறையில இருக்கணும்?" என்றாள். அவன் பின்படி வழியாக நேராக மேலே போயிருக்கிறான். எங்கள் கதவைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

அரை மணி நேரம் நான் வீட்டுக்குள் சும்மா நடந்தேன். பிறகு டீ போட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு படி ஏறினேன்.

மெஷின் ரூமில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. பிரேக் தேய்ந்துபோய்விட்டது, புதிது வாங்கி மாட்ட வேண்டும், இன்றைக்குத் தற்காலிகமாகச் சரி செய்கிறேன் என்று மோட்டாரிடம் சொல்கிற மாதிரி சொன்னான். டம்ளரைச் சுவர் ஓரம் வைத்தேன். போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். ஆனால் வாய் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டது.

"அப்பாகிட்ட எப்படிடா சொன்ன?"

ஸ்பானர் நின்றது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதுவா அக்கா என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை என்றேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன், எல்லாவற்றையும். வால்வு, ஒரு வருஷம், ஸ்கேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீ எப்படிச் சொன்னாய் என்று சொல், அதைத்தான் கேட்கிறேன் என்றேன். ஐம்பத்துநாலு வயதில் மொட்டை மாடியில் நின்று அழுகிறேன், கீழே யாரோ துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த மரப்பெட்டியை எனக்கு நகர்த்திப் போட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நானாப் போய்ச் சொல்லலைக்கா. அவரே கேட்டார். கேண்டீன்ல கூட்டம் போட்டீங்களாமே, தீர்மானம் என்னன்னார். ஒண்ணுமில்லைப்பான்னேன். உங்க அக்கா விரல்ல மை இருக்குடா, அவ எழுதாம இருந்திருக்க மாட்டான்னார். அப்புறம் கேட்டார், ஒருத்தரைப் பத்தி தீர்மானம் போட்டா அவருக்குத் தெரியப்படுத்தணுமா வேண்டாமா, விதி என்னன்னு. நான் என்ன சொல்லட்டும்? சொல்லிட்டேன்."

"அதுக்கப்புறம் என்கிட்ட அவர் பேசவே இல்லையேடா."

"பேச முடியல. அக்காகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே, பாவம், என்னைக் காப்பாத்தறதா நெனைச்சுக்கிட்டு நடிக்கறா, நடிச்சுட்டுப் போகட்டும்னார். எனக்குத்தான் நடிக்க வராது, அவளைப் பாத்தா வாய் உளறிடும், அதான் சுவத்தைப் பாத்துக்கறேன்னார்."

சுவர். நான் அதை ஒன்பது வருஷமாக என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா சொல்லாதேன்னாரே." செத்துப்போன பிறகுமா என்றேன். "எதுவரைக்கும்னு அவர் சொல்லலையேக்கா" என்றான்.

டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. அப்படியே குடித்தான். லிப்டை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டேன். இன்னைக்கு வேண்டாம் அக்கா, கையெல்லாம் அழுக்கு என்றான். அழுக்குதான் காரணமா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

தலைவலி என்று விடுப்பு. தலைவலி இல்லை. குறிப்பை மட்டும் தட்டச்சுப் பெண்ணிடம் போனில் சொல்லித் தலைவருக்குக் கொடுக்க வைத்தேன்.

அந்த நர்ஸ் அன்று என்ன சொன்னாள் என்று நாள் முழுக்க யோசித்தேன். "சின்ன மகன் சொன்ன அன்னைக்கே மனசைத் தேத்திக்கிட்டாரு." முழு வாக்கியம் அதுதான். நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் குறிப்பெடுத்தவள்!

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. அப்பாவின் நிம்மதி போனதே என்று மட்டுமா அன்று எனக்குக் கோபம்? அவர் என்னைக் கேட்கவில்லை. அவனைக் கேட்டார். சங்கக் கடிதம் முதற்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவள் நான், கேட்டது அவனை. அந்த எரிச்சல்தான். "வன்மையாக" என்கிற வார்த்தை அங்கிருந்து வந்ததுதான்.

மார்ச் 18, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொல்வது என்று நாலு விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நானும் ஒரு துண்டை மடித்தபடியே சொன்னேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. டாக்டர் சொன்னது மட்டும், சொன்ன வரிசையில்.

மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"இதுக்கா ரெண்டு வாரமா திருடி மாதிரி முழிச்சுக்கிட்டிருந்த?"

"பயந்துட்டேன்மா."

"நீ பயந்தது எனக்குத் தெரிஞ்சுது. எதுக்குப் பயப்படறேன்னுதான் தெரியல. உனக்குத்தான் ஏதோ சீக்குன்னு நான் சாமிகிட்டல்லாம் பேரம் பேசிட்டிருந்தேன்."

கொஞ்ச நேரம் அழுதாள். நானும். அழுது முடித்துவிட்டு, ஒரு வருஷம் என்பது முழு வருஷமா, இந்த மார்ச்சையும் சேர்த்தா என்று கேட்டாள். பிறகு, நான் எதிர்பார்த்த விஷயத்துக்கு வந்தாள்.

"ஒன்பது வருஷமா உங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவுல நான் டவுன் பஸ் மாதிரி ஓடிக்கிட்டிருக்கேன். யார் பக்கமும் பேசல. இப்ப பஸ்ஸுக்கு வயசாயிடுச்சு. அவனை உள்ள வர வை."

மார்ச் 20, வெள்ளி

மன்றக் கூட்டம். கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்த காரணத்தைத் தலைவர் படித்தார். அரை மணி நேரம் கூச்சல். கடைசியில் கண்டனம் நிறைவேறியது, பதினைந்துக்குப் பதின்மூன்று. "வன்மையாக" மட்டும் திருத்தத்தில் நீக்கப்பட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் போகும்போது எனக்குக் கும்பிடு போட்டார். காரணமும் சேர்ந்து பதிவானது போதும் மேடம் என்றார்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் தேடினேன். பழைய புடவைக்கு அடியில் இருந்தது. நான் ஒளித்து வைத்ததில்லை, அம்மாவாகத்தான் இருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

திரும்பப் பெறுகிற தீர்மானத்தை எழுதிச் சின்னவனுக்குப் போனில் அனுப்பினேன். "இக்கூட்டம், பின்னர் தெரியவந்த உண்மைகளைக் கருத்தில்கொண்டு, சின்னவன் மீதான கண்டனத்தைத் திரும்பப் பெறுகிறது. ஏற்பட்ட மன வருத்தத்துக்கு இக்கூட்டம் வருந்துகிறது." எத்தனை முறை எழுதி அடித்தேன் என்று எனக்கே தெரியாது. சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் நிறைவேற்ற வேண்டும் என்பதால் அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு வரவும் என்றும் சேர்த்தேன்.

இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. பதில் சாயங்காலம்தான் வந்தது.

"வரேன். ரெண்டாவது வரி வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்று கேட்கத் தைரியம் இல்லை. எடுத்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

பதினோரு மணிக்கு என்றால் பத்து ஐம்பதுக்கு வந்துவிட்டான், மனைவியோடு. லிப்டுக்குப் புது பிரேக் மாட்டிவிட்டு அந்த லிப்டிலேயே வந்தான். கதவைத் திறந்தபோது இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பை எங்கே விடுவது என்று கேட்டான். வேற்று மனிதர்கள் கேட்பது போல.

அம்மா தலைமை. பல் டாக்டர் வந்ததும் வராததுமாக, இதெல்லாம் எதற்கு, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்றான். அம்மாவிடம் நான் சொல்லிவிட்ட கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. கிழிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். "கிழிச்சா நடக்கவே இல்லைன்னு ஆயிடும். ஒன்பது வருஷம் நடந்திருக்கு. கீழ இடம் இருக்குல்ல, எழுது."

எழுந்து நின்று தீர்மானத்தைப் படித்தேன். இந்த முறை நின்றது நான், உட்கார்ந்திருந்தது அவன். பல் டாக்டர் முனகிக்கொண்டே வழிமொழிந்தான். அம்மா, எதிர்ப்பவர் உண்டா என்று கேட்டாள். யாரும் கை தூக்கவில்லை. முடிந்தது என்று உட்காரப் போனேன்.

"அது தீர்மானம்க்கா. நீ என்ன சொல்ற?" என்றான் சின்னவன்.

புரியாத மாதிரி பார்த்தேன். புரிந்துதான் இருந்தது.

"அன்னைக்கும் இக்கூட்டம்னுதான் எழுதின. கூட்டம்னா யாரு? அம்மா அழுதுக்கிட்டிருந்தாங்க. அண்ணன் போன் வந்துதுன்னு வெளிய போயிட்டான். நீ ஒருத்திதான். நீ திட்டியிருந்தா அன்னைக்கே நானும் திருப்பித் திட்டியிருப்பேன், சாயங்காலம் சேர்ந்து டீ குடிச்சிருப்போம். கூட்டத்தை நான் எப்படித் திட்டறது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

"நான்தான்டா" என்றேன். "கூட்டம்லாம் இல்லை. நான்தான் எழுதினேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கல. அப்பா உன்கிட்ட கேட்டாரே, என்கிட்ட கேக்கலையேன்னு வயித்தெரிச்சல். தப்புடா. மன்னிச்சிடு."

மன்றத்தில் எத்தனையோ பேர் பேச்சை எழுதியிருக்கிறேன். இவ்வளவு சின்னப் பேச்சு இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. அவன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அம்மா மூக்கைச் சிந்தினாள்.

அப்போது அவன் மனைவி பேசினாள். இத்தனை நேரமும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தவள்.

"அன்னைக்குத் திரும்பிப் போகும்போது பஸ்ல இவர் அழுதார் அண்ணி. கடைசி ஸ்டாப் வரைக்கும். எறங்க வேண்டிய எடத்துல எறங்கல. அதையும் எழுதுங்க."

எழுதினேன். அவள் சொன்ன வார்த்தையிலேயே. அப்பா சொன்னதையும், சுவரைப் பற்றியும் எழுதினேன். பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. எழுதியதை அவள்தான் முதலில் வாங்கிப் படித்தாள். பிறகுதான் கைப்பையைக் கீழே வைத்தாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சின்னவனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். விசேஷம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 23, வியாழன்

அம்மாவுக்கு நேற்று மூச்சு வாங்கியது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். எதற்காகக் கூட்டினார்கள் என்று டாக்டரிடம் அவளே கேட்டாள், அவர் என்னைப் பார்த்தார், நான் அவளிடமே சொல்லுங்கள் என்றேன். திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடிமானத்துக்காக இல்லை.

சின்னவன் மனைவி போனில் ஒரு மணி நேரம் பேசினாள். பாதி நேரம் அவனைப் பற்றிய குறைதான். நானும் என் பங்குக்கு அவன் சின்ன வயசுக் குறைகளை எடுத்து விட்டேன். நாத்தனாருக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்.

மே 7, வியாழன்

ஸ்கேன் முடிவு வந்தது. தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள், நானே போய் வாங்கினேன். மருத்துவமனை நடையில் நின்றபடியே உறையைப் பிரித்தேன். டாக்டரின் குறிப்பு அடியில் இருந்தது. ஒரு வருஷம் இல்லை. மழைக்காலம் வரை என்று வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தார்.

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பழக்க தோஷம், நாலு நாள் தள்ளிப்போடலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. சம்பளநாள் கழியட்டும், ஞாயிறு கழியட்டும். வந்ததை மறுக்கவில்லை, எழுதி வைக்கிறேன்.

சின்னவனுக்குப் போன் செய்தேன். ஏதோ பத்து மாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தான். என்ன என்று கேட்கவில்லை. "நான் வர்ற வரைக்கும் நீ மேல போகாதே. சேர்ந்து போகலாம்" என்றான்.

கேட் அருகே வெயிலில் நின்றேன். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டான், வேலை உடுப்போடு, காது ஓரத்தில் கிரீஸ். படித்தான். இரண்டு முறை படித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான், எனக்கும் கைக்குட்டையைக் கொடுத்தான். அது இன்னும் அழுக்கு. லிப்டில் ஏறினோம். யார் சொல்வது என்றுகூட முடிவு செய்யவில்லை.

அம்மா கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக வாசலில் பார்த்ததுமே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எதிரே உட்காரச் சொன்னாள்.

"சொல்லுங்க" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம்.